பரணிகள் தாமதமானது குறித்து மாமாவுக்கு எழுத்து மூலமான விளக்கம்

உ

ஆய்க்குடி,
ஆவணி 3, மாலை.

மரியாதைக்குரிய மாடக்கண்ணு மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை முப்பிடாதியம்மாளின் மகன் குற்றாலீஸ்வரன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். சூளையின் சுகம் நாளைக் காலை எட்டு மணிக்குத்தான் தெரியும். அங்கு தாங்களும் அத்தையும், இன்னும் மூன்று நாளில் மணவறையில் உட்காரப் போகிற இசக்கிச்செல்வி மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் விளக்கம் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் "வாயால சொல்லாத, எழுதிக் குடு" என்றீர்கள். முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் அப்படித்தான் கேட்பார், தப்பில்லை. ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடிதம் ஐந்தாம் தேதி காலை பரணிப் பெட்டிகளோடு வண்டியில் தென்காசி மண்டபத்துக்கு வரும். பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடவும். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூளையை மதியம் இரண்டு மணிக்கு அணைத்தேன். உள்ளே இன்னும் எழுநூறு டிகிரி இருக்கிறது. தானாக ஆறுகிற வரைக்கும் திறக்கக் கூடாது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எனக்கு வராது.

முதலில் ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறேன். சித்திரை மாதம் கோயம்புத்தூரில் உங்கள் வீட்டில் வைத்து, கல்யாணத்துக்கு வரும் முக்கியமான நூற்று ஐம்பத்தொரு வீட்டாருக்கு மூடியோடு கூடிய ஊறுகாய்ப் பரணி ஒவ்வொன்று, உள்ளும் புறமும் கிளேஸ் போட்டு, ஆவணி ஐந்துக்குள் தருவதாக ஏற்றுக்கொண்டேன். தர முடியாவிட்டால் சூளையை விற்றுவிட்டு, உங்கள் நண்பரின் டைல்ஸ் கடையில் மேனேஜராகச் சேருவதாக நீங்கள் ஒரு தாளில் எழுதினீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அத்தை சாட்சி. அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கிளேஸ் செய்யப் படித்தவனைக் கிளேஸ் போட்ட டைல்ஸ் விற்க நிறுத்துவது, துப்பாக்கி சுடத் தெரிந்தவனைத் துப்பாக்கிக் கடையில் பில் போட உட்கார்த்துவது மாதிரி. நீங்கள் அதற்குச் சம்மதிப்பீர்களா?

கிளேஸ் என்றால் பெயிண்ட் என்று நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அரைத்த கண்ணாடிப் பொடியும் கொஞ்சம் களிமண்ணும் தண்ணீரில் கலந்த குழம்பு அது. களிமண்ணை அச்சில் வார்த்து, காயவைத்து, முதல் சூடு போட்டால் பரணி செங்கல் மாதிரி ஆகிவிடும். தண்ணீரை உறிஞ்சும். அதைக் குழம்பில் முக்கி எடுத்தால் தண்ணீரைப் பரணி குடித்துவிடும், பொடி மேலே ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஆயிரத்து எண்பது டிகிரியில் சுட்டால் பொடி உருகிக் கண்ணாடித் தோலாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி. வாளியில் இருக்கும்போது வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கும், வெந்தபின் தேன் நிறமாகும். அம்மாவும் பக்கத்து வீட்டு ஹைருன் பீவி அக்காவும் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பல்பொடி நிறத்திலா கொடுக்கப் போகிறாய் என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார்கள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இருநூற்று எண்பது பரணி வார்த்து முதல் சூடும் முடித்து ஆனியிலேயே அடுக்கிவிட்டேன். முறைப்படி நாலு ஓட்டுத் துண்டில் கிளேஸைத் தடவிச் சோதனைச் சூடு போட்டுப் பார்க்க வேண்டும். டிப்ளமோவில் அதற்கென்றே ஒரு பேப்பர் உண்டு, எழுபத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓட்டுத் துண்டுக்காகப் பத்து மணி நேரம் கரண்டு எரிக்க எனக்குப் பொறுமையில்லை. நாற்பது பரணியை நேரடியாக ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். ஆடியில் முதல் சூளை வேண்டாம் என்று அம்மா சொன்னாள். ஆயிரத்து எண்பது டிகிரிக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் குற்றாலத்தில் வெள்ளம். மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்று எட்டு நாள் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். நம் தெருக்கோடி சுடலைமாடன் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறார். தடை என்றால் அவருக்கு வேலை கிடையாது. சும்மா இருக்கப் பிடிக்காமல், "ஒத்தையாளா கெடந்து சாவுதியே, நான் தொடைச்சுத் தாரேன்" என்று வந்து உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் சுத்தம். சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பரணியைத் தொட்டார். நாற்பதையும் ஈரத்துணியால் தூசி துடைத்து எடுத்துக் கொடுத்தார். நான் முக்கினேன். சூடு போட்டேன். மறுநாள் திறந்தால், மாமா, நாற்பதில் இருபத்தேழு பரணியில் கிளேஸ் அங்கங்கே சுருண்டு விலகி, செங்கல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. தேமல் விழுந்த முதுகு மாதிரி. மீதிப் பதின்மூன்றையும் நீட்ட எனக்கு மனசில்லை. ஒரு வீட்டுக்குத் தேமலும் ஒரு வீட்டுக்குச் சுத்தமுமாகக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள்.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. பரணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடம் தண்ணீரை உறிஞ்சாது, கிளேஸ் பிடிக்காது, உருகும்போது விலகி ஓடும். ஏற்றுவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். சொட்டு உள்ளே போனால் சுத்தம், முத்தாக நின்றால் எண்ணெய். பிசுக்கு இருந்தால் பரணியை வெறுமனே ஒரு தடவை சுட்டு எண்ணெயை எரித்துவிட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் எண்ணெயில் ஊறிய கையைச் சோப்பா சுத்தம் செய்யும்? அண்ணாச்சியிடம் நேராகவே சொல்லிவிட்டேன், உங்கள் கை இனி இந்தச் சூளைப் பக்கம் வரக் கூடாது என்று. அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி தம்பி. எங்கையில சோறு வாங்கித் தின்ன எம்புள்ளைக ஒண்ணுஞ் சொன்னதில்ல, ஒம் பரணி சொல்லிட்டு" என்று எழுந்து போய்விட்டார். அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. விலகிய பரணியை அடுப்பில் சூடாக்கி, பசை கலந்த கிளேஸைத் தடவி மறுசூடு போடலாம். பாதிக்குப் பாதி தேறும். எனக்குப் பாதிக்குப் பாதி போதாது. நாற்பதையும் கழித்தேன்.

இரண்டாவது நாற்பது கெட்டதற்குக் காரணம் நீங்கள். வருத்தப்பட வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். பரணியைக் குழம்பில் முக்கினால் மூன்று எண்ணி எடுக்க வேண்டும். ஊசியால் கீறிப் பார்த்தால் ஒரு தபால் அட்டை கனம் இருக்க வேண்டும், அதுதான் அளவு. அன்றைக்கு நான் முதல் பரணியை முக்கும்போது நீங்கள் போன் செய்தீர்கள். கை நனைந்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நான் பரணிக்காக "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால், அங்கிருந்து நீங்கள் "ரெண்டுதான் ஆச்சா?" என்கிறீர்கள். இல்லை மாமா, இது வேறு கணக்கு என்று விளக்குவதற்குள் பரணி எட்டு எண்ணும் அளவுக்கு உள்ளே கிடக்கிறது. அடுத்த பரணி. "ஒண்ணு, ரெண்டு, மூணு." "இவ்வளவு நேரத்துல மூணா?" என்று கேட்டு, பக்கத்தில் அத்தையிடமும் மூணுதானாம் என்று சொல்லி, அத்தை ஒருபாடு அழுது, அவர்களைச் சமாதானம் செய்துவிட்டு, மண்டபத்துச் சமையல்காரர், ஜமுக்காளம், மாப்பிள்ளை வீட்டாருக்கு வேன் என்று நாற்பது நிமிஷம் பேசினீர்கள். நாற்பது பரணியும் அந்த நாற்பது நிமிஷத்தில் முக்கியவை. கிளேஸ் தோசை கனத்துக்கு ஏறிவிட்டது. அது தெரிந்தும் ஏற்றினேனா என்று கேட்பீர்கள். தெரியும். சுரண்டிக் கழுவி மறுபடி காயவைக்க, வெளியே சாரல் விடாமல் அடிக்கிறது, துணியே மூன்று நாளாகக் காயவில்லை. உருகி நின்றுவிடும் என்று நம்பினேன். நிற்கவில்லை. மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து அடியில் குளம் கட்டிவிட்டது. உளியை வைத்துத் தட்டித் தட்டி எடுத்ததில் அடி பெயர்ந்தது பதினேழு, மீதி உட்கார வைத்தால் ஆடுகிறது. பரணி ஆடினால் ஊறுகாய் ஆடும், விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. இதில் என் கணக்கு எல்லாம் சரி. மூன்று எண்ணினேன், போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். முக்கி முடித்து, ஒவ்வொரு பரணிக்கும் அடிவளையத்தையும் மூடி உட்காரும் விளிம்பையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வெறுமையாக்கினேன். இது சட்டம். கண்ணாடி எதன்மேல் உருகுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் கிளேஸ் இருந்தால் பரணி சூளைத் தட்டோடு ஒட்டும், விளிம்பில் இருந்தால் மூடி பரணியோடு ஒட்டும். துடைத்து வைத்துவிட்டு, சூளைக்கு ஒரு ஒயர் வாங்கத் தென்காசி போனேன். திரும்பி வந்ததும் அம்மா ஒவ்வொன்றாக மூடியோடு எடுத்துக் கொடுத்தாள், நான் அடுக்கினேன். எதையும் தூக்கி அடியைப் பார்க்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, கரண்டு போவதற்குள் ஏற்ற வேண்டும் என்ற அவசரம்.

மறுநாள் காலை மேல்தட்டில் ஒரு பரணியைப் பிடித்துத் தூக்கினேன். தட்டும் சேர்ந்து வந்தது. அந்தத் தட்டில் இருந்த மற்ற பத்தொன்பதும் கூடவே வந்தன, வாழைத்தார் மாதிரி. மூடியைத் திருகினேன். அசையவில்லை. நாற்பது பரணியிலும் மூடி சேர்ந்துவிட்டது. ஊறுகாய் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. உள்ளே இருப்பது சுத்தமான ஆடி மாதக் காற்று.

அம்மாவைக் கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கூப்பிட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் தென்காசி போன நேரத்தில் ஹைருன் பீவி அக்காவும் அவளும் ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்து, நான் வெறுமையாக விட்ட இடத்தையெல்லாம் அழகாகப் பூசி நிரப்பியதாகச் சொன்னாள். எனக்கு உதவியாம்.

"கல்யாணத்துக்குக் குடுக்க சாமான்ல மூளி இருக்கப்படாதுலே. நீ அவசரத்துல வுட்டுட்டேன்னு நெனச்சேன்."

"வுட்டதில்ல, தொடச்சது. மெனக்கெட்டுத் தொடச்சது."

"தொடச்சு மூளியாக்குனியா? படிச்ச பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லிக் குடுத்தானா?"

பொட்டு இல்லாத நெற்றி, கம்மல் இல்லாத காது, காப்பு இல்லாத கை எல்லாம் மூளி, அதை ஒரு பெண்ணின் கல்யாணத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆகுமா என்று கேட்டாள். வெறுமையாக விட்டால்தான் பரணி, நிரப்பினால் பாறாங்கல் என்று நான் சொன்னேன். அடி வெறுமையாக இருந்தால் எங்கள் அண்ணன் மகள் கல்யாணத்தில் ஒரு பரணியும் வாசலைத் தாண்டாது என்று அவள் சொன்னாள். இப்படியே பதினெட்டு நாள் போனது மாமா. உங்களிடம் சூளையில் கோளாறு என்று சொன்னேன். கோளாறு சூளையில் இல்லை, அடுப்படியில். முள்முனை வைத்த முக்காலிகள் செய்து அதன்மேல் பரணியை நிறுத்தினால் அடியிலும் கிளேஸ் போடலாம், மூன்று புள்ளி மட்டும்தான் தழும்பு விழும் என்று படம் போட்டுக்கூடக் காட்டினேன். "மூணு எடத்துல மூளி" என்றாள்.

பத்தொன்பதாம் நாள் பொறுமை போய், என்ன செய்தால் அது மூளி இல்லை என்று ஒத்துக்கொள்வாய், ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்டேன்.

"சுட்டு எடுத்த பொறவு மஞ்சத் தடவுனா போதும்லே. பூசி மறைச்சா அது எப்படி மூளி? இதுக்காடா இந்தக் கத்து கத்துதே?"

முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். வெந்த மண் மஞ்சளை இழுத்துக்கொள்ளும், வெயில் பட்டால்தான் வெளிறும், பரணியின் அடிக்கு வெயில் படாது. தொழில்நுட்ப ரீதியாக எனக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை.

ஆக மூன்று சூட்டில் நூற்று இருபது போக, மிச்சம் நூற்று அறுபது. வேண்டியது நூற்று ஐம்பத்தொன்று. நேற்று அத்தனைக்கும் கிளேஸ் போட்டோம். மூன்று எண்ணினேன். ஊசியால் கீறிப் பார்த்தேன். கீழ்த் தட்டுப் பரணிகளை அம்மா துணியால் பிடித்து முக்கி அடுக்கினாள், மேல் தட்டுக்கானதை நானே கையால் எடுத்து முக்கி அடுக்கினேன். இதுவரை இரண்டு தட்டு மட்டும் ஏற்றிய சூளையில் இந்தத் தடவை எட்டுத் தட்டு. ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சுடலைமாடன் அண்ணாச்சி இல்லை, உங்கள் போன் இல்லை, பிரஷ் இரண்டும் என் சட்டைப் பையில். கெடுப்பதற்கு இனி ஆள் பாக்கி இல்லை. நாளைக் காலை நூற்று அறுபதும் நன்றாக வரும். நீங்கள் டைல்ஸ் கடைக்காரரிடம் வேறு பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அன்றைக்கு மூன்று என்று சொன்னது பரணி எண்ணிக்கை இல்லை என்பதை அவர்களிடம் தயவுசெய்து இப்போதாவது சொல்லிவிடவும். மதினிக்கு என் வாழ்த்து. மதினியும் மாப்பிள்ளையும் பிள்ளைகுட்டியோடு நூறு வருஷம் ஊறுகாய் போட்டுச் சாப்பிடட்டும். குற்றாலநாதர் துணை.

தங்கள் அன்பு மருமகன்,
குற்றாலீஸ்வரன்

பின்குறிப்பு: ஆவணி 4, ராத்திரி ஏழு மணி.

எட்டு மணிக்குச் சரியாகத் திறந்தேன். கீழ்த் தட்டுகளில் இருந்த அத்தனையும் தேன் நிறத்தில், முகம் பார்க்கலாம் போல இருக்கின்றன. மேல் தட்டில் பதினான்கில் கிளேஸ் விலகியிருக்கிறது. அதே தேமல்.

நான் தட்டின் முன்னால் நின்றுகொண்டு, சுடலைமாடன் அண்ணாச்சி இந்தப் பக்கமே வரவில்லையே, இது எப்படி என்று கேட்டேன். அம்மா என் பக்கத்தில் நின்றாள்.

"ஏலே, இப்ப கை எங்க இருக்கு?"

தலையில் இருந்தது. எரிச்சல் வந்தால் முடியைக் கோதுவேன். தினமும் காலையில் அவளே உச்சியில் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுகிறாள். மேல் தட்டுப் பரணிகளை முக்க எடுக்கும்போது அடுக்கடுக்காகக் கோதினேனாம். முதல் சூட்டிலும் அப்படித்தானாம். மூன்றாவது சூட்டிலும் தேமல் நாலைந்து இருந்ததாம், நான் கத்திய கத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லையாம். எனக்கு நம்பிக்கையில்லை. வெறும் சில்லு ஒன்றைக் கையால் தேய்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக நின்றது.

மேலே எண்ணெய் பற்றி நான் எழுதியது அத்தனையும் சரி. கைதான் வேறு. இரண்டாவது சூட்டில் கனம் தெரிந்தே ஏற்றியதும் நான், மூன்றாவதில் அடியைப் பார்க்காததும் நான். ஆகவே உங்கள் மேலும் அம்மா மேலும் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். புதிதாக எழுத நேரமில்லை.

மதியம் குற்றாலம் போனேன். இப்போது தடை இல்லை, நல்ல கூட்டம். சுடலைமாடன் அண்ணாச்சி ஒருவரின் முதுகில் இருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கையை எடுக்காமலே, "எங்கையி ஒண்ணுஞ் செய்யலன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஒங்கையின்னு சொன்னா நீ கேப்பியா?" என்றார். கேட்டிருக்க மாட்டேன். சாயங்காலம் வந்து மஞ்சள் தடவ உதவினார். இந்த வேலைக்கு அவர் கைதான் பொருத்தம், மஞ்சள் எண்ணெய்க் கையிலும் ஒட்டும்.

ஆக நல்லது நூற்று நாற்பத்தாறு. ஐந்து குறைகிறது. திருத்தி மறுசூடு போட இரண்டு நாள் வேண்டும், இருப்பது ஒரு ராத்திரி. அம்மா பதினான்கையும் வரிசையாக வைத்து, தேமல் குறைவான ஐந்தைப் பொறுக்கி, பெட்டியில் தனியாக வைத்துப் பெயரும் எழுதிவிட்டாள். ஒன்று எங்கள் வீட்டுக்கு. மீதி நாலும் உங்கள் வீட்டுக்கும் உங்கள் மூன்று தம்பிமார் வீட்டுக்கும். பிறந்த வீட்டு ஆட்கள்தான் குறையை வாங்கிக்கொள்ள வேண்டும், வெளியாளிடமா நீட்டுவது என்கிறாள். ஒப்பந்தத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொரு பரணி, உள்ளும் புறமும் கிளேஸ், மூடியோடு என்று மட்டும்தான் இருக்கிறது. தேமல் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியது நீங்கள். பெட்டியை எண்ணிப் பார்த்துக்கொண்டு வண்டிக்காரரிடம் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.